பழைய வீட்டின் வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்: ஒட்டுப்போடுவதா, முழுவதும் மாற்றுவதா?

கேள்வி: மாடிப்படி

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் இரண்டு தள வீட்டைக் கட்டி 60 ஆண்டுகளுக்கு மேலாகிறது. மேல்தளக் கழிவறையிலிருந்து இறங்கும் நின்ற குழாய், அதில் வந்து சேரும் குளியலறை, சமையலறைக் கிளைகள், தரைக்கு அடியில் ஓடித் தெருச் சாக்கடையில் சேரும் குழாய் ஆகிய அனைத்தும் வீடு கட்டிய நாளில் போட்ட 4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய்களே. இணைப்புகள், ஒரு குழாயின் முனையை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் (சாக்கெட்) நுழைத்து, சணல் திணித்து ஈயம் உருக்கி ஊற்றிய பழைய சாக்கெட் இணைப்புகள்.

சென்ற மாதம் கீழ்த்தளச் சுவரில் ஈரம் ஊறியதால் பூச்சை உடைத்துப் பார்த்தோம். நின்ற குழாயில் நெடுக்குவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு மயிரிழை போன்ற விரிசலும், அதன் வழியே கசிந்து காய்ந்த துருக்கறையும் தெரிந்தன. இதைத் தவிர, கீழ்த்தளக் குளியலறையில் தண்ணீர் மெதுவாகத்தான் வடிகிறது. மேலே கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் கீழே தரைத் துவாரத்தில் குடுகுடுவென்று சத்தம் கேட்கிறது.

வந்து பார்த்த பிளம்பர்களில் ஒருவர், விரிசலின் மேல் எப்பாக்சி பூசி ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் போதும் என்கிறார். மற்றவர், வீட்டிலுள்ள மொத்தக் குழாயையும் பிடுங்கிவிட்டு பி.வி.சி. போட வேண்டும் என்கிறார். உறவினர் ஒருவரோ, பிரான்சில் ஓர் அரண்மனைக்குப் போட்ட வார்ப்பிரும்புக் குழாய் முந்நூறு ஆண்டுகள் உழைத்ததாகவும், அறுபது ஆண்டுகள் ஒன்றுமேயில்லை என்றும் சொல்கிறார். தரையை உடைக்காமல் பழைய குழாய்க்குள்ளேயே புதிய உறை போடும் முறை ஒன்று இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். இவற்றில் எதை நம்பி இறங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சணலும் ஈயமும்

முப்பது ஆண்டுகளாகக் குழாய் வேலை செய்து வருகிறேன். உங்கள் வீட்டில் இப்போது நான் அதிகம் கவலைப்படாத இடம் அந்த விரிசல்தான். அது கண்ணுக்குத் தெரிகிறது. இன்றைக்குப் பட்டை கட்டி நிறுத்தலாம், நாளைக்கு அந்தத் துண்டை மட்டும் மாற்றவும் செய்யலாம். நீங்கள் சொன்ன மற்ற இரண்டு செய்திகளே, அதாவது தண்ணீர் மெதுவாக வடிவதும் துவாரத்தில் குடுகுடுவென்று காற்று வெளியேறுவதுமே, சிக்கல் தரைக்கு அடியில் இருக்கிறது என்று சொல்கின்றன. வார்ப்பிரும்பில் நின்ற குழாய் பெரும்பாலும் நீண்ட காலம் தாங்கும். படுத்த குழாய்தான் முதலில் போகும்.

உறவினர் சொன்னது வெர்சாய் அரண்மனைக்கு 1664இல் போட்ட குழாய்களாக இருக்க வேண்டும். அவை முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி உழைத்தது உண்மை. ஆனால் அவை நல்ல தண்ணீர் கொண்டுசென்ற குழாய்கள். உள்ளே எப்போதும் நீர் நிறைந்து நிற்கும். கழிவுக் குழாயின் கதை வேறு. அது நாளின் பெரும்பகுதி நேரம் காலியாகவும் ஈரமாகவும் இருக்கும். உட்சுவரில் படியும் வழுவழுப்பான கசட்டில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இந்த வாயுதான். இது மேலே எழுந்து குழாயின் மேற்பகுதியில் படிந்திருக்கும் ஈரத்தில் கரைகிறது. அங்கே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. ஆகவே மேற்பகுதி அமிலத்தால் அரிபடுகிறது. அடிப்பகுதியிலோ சோப்பும் கொழுப்பும் மணலும் கலந்த நீர் ஓயாமல் ஓடி, உண்டாகும் துருப்படலத்தைச் சுரண்டிச் சுரண்டிப் புது இரும்பை வெளியே காட்டிக்கொண்டே இருக்கிறது. பல வீடுகளில் தரையைத் தோண்டிப் பார்க்கும்போது, மேல்பாதி முழுதாகவும் அடிப்பாதி அறவே இல்லாமலும் ஒரு கவிழ்த்த ஓடு போலக் குழாய் கிடக்கும். கழிவு மண்ணின் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும்; வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொரு ஏமாற்றும் குணமும் வார்ப்பிரும்புக்கு உண்டு. அதில் ஏறத்தாழ 2.5 முதல் 4 விழுக்காடு வரை கரி இருக்கிறது. அதன் பெரும்பகுதி கிராஃபைட் இதழ்களாக உள்ளே பரவிக் கிடக்கிறது. இரும்பு மட்டும் கரைந்து போனாலும் கிராஃபைட்டும் துருவும் சேர்ந்து பழைய வடிவத்தை அப்படியே தாங்கிக்கொண்டு நிற்கும். பார்வைக்குக் குழாய் முழுதாக இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் பென்சில் முனையைப் போலப் பொடியும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: நல்ல குழாய் கணீரென்று ஒலிக்கும், இற்றுப்போனது மொத்தென்று ஒலிக்கும். தட்டுவதற்கு முன் கீழே ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்காமல் தட்டி, அன்று மாலை வீட்டுக்குப் போய் மூன்று முறை குளித்தேன்.

ஆகவே எந்த முடிவும் எடுப்பதற்கு முன்னால் கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். நின்ற குழாயின் அடியிலோ வெளியிலுள்ள ஆய்வுத் தொட்டியிலோ திறப்பு இருக்கும். அதன் வழியே விடலாம். படம் பிடிப்பவரிடம் இரண்டு நிபந்தனைகள் சொல்லுங்கள். திறப்பிலிருந்து எத்தனை மீட்டர் தூரம் என்ற எண் திரையில் தெரிய வேண்டும். பதிவு முழுவதும் உங்கள் கைக்கு வர வேண்டும். "அங்கங்கே ஓட்டை இருக்கிறது" என்ற வாய்மொழி எதற்கும் உதவாது. குழாயைப் பார்ப்பதற்கு முன்பே உயர் அழுத்த நீரைப் பாய்ச்சி அடைப்பை எடுக்க யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். தகடு போல மெலிந்த குழாய் அந்த அழுத்தத்தில் உடைந்துவிடும்.

பதில் 2: கேட்டுவைத்தேன்

இடையில் ஒரு சிறு சந்தேகம். எங்கள் வீட்டிலும் இதே வகைக் குழாய்தான். தண்ணீர் மெதுவாக வடியும்போதெல்லாம் கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் திரவத்தை ஊற்றுகிறோம். அது இரும்பைக் கெடுக்குமா?

பதில் 3: சணலும் ஈயமும்

புட்டியின் மேல் உள்ளதைப் படித்துப் பாருங்கள். கந்தக அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கலந்ததாக இருந்தால் இரும்பை நேரடியாகத் தின்னும். காஸ்டிக் சோடா வகை இரும்பை அவ்வளவு பாதிக்காது. ஆனால் துருக்கட்டிகளால் குறுகிப்போன குழாயில் அதனால் பயனும் இல்லை, ஏனென்றால் அது கொழுப்பைக் கரைக்குமே தவிரத் துருவைக் கரைக்காது. அடைப்பு நீங்காமல் திரவம் உள்ளேயே தேங்கி நின்றால், அடுத்து அந்தக் குழாயைத் திறப்பவரின் கண்ணிலும் கையிலும்தான் அது வந்து விழும். எதை ஊற்றினீர்கள் என்பதை வேலைக்கு வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களில் பலருக்கு அதை யாரும் சொல்வதில்லை.

பதில் 4: தூக்குநூல்

நான் கட்டுமானப் பொறியாளர். முந்தைய பதிலோடு முழுவதும் உடன்படுகிறேன். குழாயை அறுக்கும் வேலையைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் விபத்து நடப்பது அங்கேதான்.

4 அங்குல வார்ப்பிரும்புக் குழாய் மீட்டருக்கு 10 கிலோவுக்குக் குறையாது. கீழ்த்தளத்தில் விரிசல் விழுந்த துண்டுக்கு மேலே 6 அல்லது 7 மீட்டர் உயரம் குழாய் நிற்கிறது என்றால், கிளைத் துண்டுகளும் சாக்கெட்டுகளும் ஈயமும் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டிய பாரம் அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நடுவிலுள்ள துண்டை அறுத்து எடுத்ததும் மேலுள்ளது எதுவும் தன்னால் அந்தரத்தில் நிற்காது. சில நேரம் பழைய இணைப்புகளின் பிடிப்பில் ஒரு நாள் நிற்கும், மறுநாள் இறங்கும். அது இன்னும் மோசம். ஆகவே அறுப்பதற்கு முன், அறுக்கப்போகும் இடத்துக்கு மேலே குழாயைச் சுற்றி இரும்புக் கிளாம்பைப் பூட்டி, அதன் இரு கைகளும் தளத்தின் மேலோ சுவரில் பதித்த தாங்கிகளின் மேலோ உறுதியாக அமரும்படி செய்ய வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் இப்படி ஒரு கிளாம்பு இருப்பது நல்லது. இதைச் செய்யாமல் அறுக்கத் தொடங்குபவரை, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அறுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சங்கிலியைச் சுற்றி இறுக்கி உடைக்கும் கருவி நல்ல குழாயை நேர்த்தியாகத் துண்டிக்கும். இற்றுப்போன குழாயையோ நொறுக்கிவிடும். அத்தகைய இடங்களில் வைரத்தூள் பதித்த வட்டைக் கொண்டு மெதுவாக அறுப்பதே சரி. ஈய இணைப்பைத் தீயால் உருக்கிப் பிரிக்க வேண்டாம். புகையும் தூளும் நஞ்சு. சாக்கெட்டுக்குச் சற்று மேலும் கீழும் அறுத்து, இணைப்பை அப்படியே முழுதாக எடுத்துவிடலாம். பழைய வீடுகளில் காற்றுப் போக்குக் குழாய் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் இருப்பதுண்டு. சாம்பல் நிறத்தில், காந்தம் ஒட்டாமல் இருந்தால் அதில் வட்டை வைக்காதீர்கள். அதை அகற்றுவதற்கென்று பயிற்சி பெற்றவர்களே தொட வேண்டும்.

இனி, எந்தக் குழாய் என்பதைப் பற்றி. பி.வி.சி. துருப்பிடிக்காது, எடை குறைவு, உட்புறம் வழுவழுப்பு. படுத்த குழாய்க்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன். நின்ற குழாய்க்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டேன். படுக்கையறைச் சுவருக்குள் இறங்கும் பி.வி.சி. குழாயில் மேல்தளத்துத் தண்ணீர் விழும் ஓசை நள்ளிரவில் தெளிவாகக் கேட்கும். வார்ப்பிரும்பு தன் எடையாலேயே அந்த ஓசையை அடக்கிவிடும். தீ விபத்தில் பி.வி.சி. உருகித் தளத்தில் துளையை விட்டுச்செல்லும் என்பதால், தளத்தைத் துளைத்துச் செல்லும் இடங்களில் வெப்பத்தில் உப்பி அடைத்துக்கொள்ளும் வளையம் தேவைப்படும். விரிவும் ஒரு கணக்கு. பி.வி.சி. ஒவ்வொரு பாகை வெப்பத்துக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.06 மி.மீ. நீளும். கொதிநீர் ஊற்றி 40 பாகை ஏறினால் 3 மீட்டர் குழாய் 7 மி.மீ. அளவுக்கு நீளும்; அதே நிலையில் வார்ப்பிரும்பு ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விரிவதற்கு இடம் விடாமல் சிமெண்டில் புதைத்த பி.வி.சி. குழாயில் இணைப்புகள் பிளப்பது இதனால்தான். சுவருக்குள் ஓசை தொந்தரவாக இருக்கும் என்றால், சாக்கெட் இல்லாமல் ரப்பர் உறையும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையும் கொண்டு இணைக்கும் இன்றைய வார்ப்பிரும்புக் குழாயையே நின்ற பகுதிக்குப் போடலாம்.

பழையதையும் புதியதையும் சேர்க்கும் இடத்தில் பலர் தவறுகிறார்கள். இரண்டுமே "4 அங்குலம்" என்று பெயர் பெற்றிருந்தாலும் வெளிவிட்டம் ஒன்றாக இருக்காது. பழைய குழாயைச் சுற்றி நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வெளிவிட்டத்தைக் காட்டி, இரண்டு அளவுகளுக்கும் பொருந்தும் ரப்பர் கப்ளிங்கை (இரு முனைகளையும் சேர்க்கும் உறையை) வாங்குங்கள். வெறும் ரப்பரை இரண்டு வளையங்களால் இறுக்கும் வகை மண்ணுக்குள் தொய்ந்துவிடும். முழு நீளத்துக்கும் எஃகு உறை போர்த்திய வகையே வேண்டும்.

பதில் 5: மேலுறை

உறை போடும் முறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் அதைச் செய்து பட்டதனால் எழுதுகிறேன். பிசினில் ஊறவைத்த மெத்தென்ற துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றாலோ நீராலோ ஊதி சுவரோடு ஒட்டவைத்து, கெட்டியாக்கி விடுகிறார்கள். 1971இல் இலண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்ட இந்த முறை தெருச் சாக்கடைகளில் நன்றாகவே உழைத்து வருகிறது. எங்கள் வீட்டில் தோற்றதற்கு முறையைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் குழாய் அதற்குத் தகுதியாக இல்லை. செய்த நிறுவனம் முதலில் கேமரா விட்டுப் பார்த்தது, ஆனால் துருக்கட்டிகளைச் சுரண்டி எடுத்த பிறகு மறுபடி பார்க்கவில்லை. சுரண்டியதில் அடிப்பகுதி ஓரிடத்தில் உதிர்ந்து போயிருந்தது. உறை அந்தப் பள்ளத்தில் தொய்ந்து கெட்டியானது. இப்போது அங்கே ஒரு குட்டை நிரந்தரமாகத் தேங்குகிறது. இந்த முறை குழாயின் வடிவத்தை அப்படியே படியெடுக்கும், சரிவைத் திருத்தாது என்பதை வேலை முடிந்த பிறகே தெரிந்துகொண்டோம். பக்கத்துக் கிளைகள் சேரும் வாய்களை உள்ளிருந்து மீண்டும் வெட்டித் திறக்க வேண்டும் என்பதும், எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாய் பாதிதான் திறந்தது என்பதும் தனிக் கதை.

குழாய் வட்டமாக, சரிவு சரியாக, துளைகள் சிறியனவாக இருந்தால் தயங்காமல் செய்யலாம். சுரண்டிய பிறகு இன்னொரு முறை கேமரா விட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர் மீண்டும்: மாடிப்படி

அனைவருக்கும் நன்றி. இரண்டு நாள் முன்பு கேமரா விட்டோம். நின்ற குழாயில் விரிசல் துண்டைத் தவிர மற்ற இடங்களில் மேலோட்டமான துருதான். அதன் அடியிலுள்ள வளைவும், அங்கிருந்து 2 மீட்டர் தூரமும் அடிப்பகுதியே இல்லாமல் மண் தெரிகிறது. அதற்கப்பால் வீட்டின் சுவர் வரை சுமார் 5 மீட்டருக்குக் குழாய் இருக்கிறது. ஆனால் உட்புறம் முழுக்கத் துருக்கட்டி. வெளியே முற்றத்தில் 9 மீட்டர். அதில் இரண்டு இணைப்புகளில் மர வேர் நுழைந்திருக்கிறது. இற்றுப்போன 2 மீட்டரை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 6: சணலும் ஈயமும்

போதாது என்றே சொல்வேன். அந்த 2 மீட்டர் எந்த ஆண்டு போட்டதோ அதே ஆண்டு போட்டதுதான் மீதி 5 மீட்டரும்; அதே தண்ணீர்தான் அதிலும் ஓடியது. இன்று தரையை உடைத்து 2 மீட்டர் மாற்றினால், சில ஆண்டுகளில் புதுத் தரையின் ஓரத்திலிருந்து மறுபடியும் உடைக்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் உள்ள 7 மீட்டரையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். தரையைத் தொடவே கூடாது என்றால், பழைய குழாயைக் கைவிட்டு இரு முனைகளையும் அடைத்துவிட்டு, புறச்சுவர் வழியாகப் புதிய பாதை அமைக்க முடியுமா என்று பாருங்கள். சில வீடுகளின் அமைப்பில் அதுவே எளிது.

முற்றத்துக்குத் தோண்டாத வழி உண்டு. இரு முனைகளிலும் குழி எடுத்து, கூம்பு வடிவத் தலை ஒன்றைப் பழைய குழாய்க்குள் இழுப்பார்கள்; வார்ப்பிரும்பு நொறுங்கும் உலோகம் என்பதால் உடைந்து மண்ணுக்குள் ஒதுங்கும், பின்னாலேயே பாலிஎத்திலீன் குழாய் ஒரே நீளமாக இழுபட்டு வரும். இடையில் இணைப்பே இல்லாததால் வேர் நுழைய வாயும் இல்லை. பக்கத்தில் வேறு குழாயோ மின்கம்பியோ நெருக்கமாக ஓடுகிறதா என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலையைத் தெருப்பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். மேலே புதுசாக்கிவிட்டுக் கீழே பழையதை விட்டால், உடைத்து எடுத்ததில் உதிரும் துருவும் சிமெண்டும் போய் அடைப்பது அந்தப் பழைய பகுதியில்தான்.

பதில் 7: தூக்குநூல்

வீட்டுக்குள் போடும் 7 மீட்டருக்குச் சரிவைக் கணக்கிட்டுவிட்டே தோண்டச் சொல்லுங்கள். மீட்டருக்கு 20 மி.மீ. நல்ல அளவு, அப்படியானால் இரு முனைகளுக்கும் இடையே 140 மி.மீ. இறக்கம் வேண்டும். வெளிக்குழாயின் ஆழம் அதற்கு இடம் தராவிட்டால், 4 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 10 மி.மீ. அளவை ஒட்டிக் குறைக்கலாம். அதற்குக் கீழே போனால் திடக்கழிவை நீர் இழுத்துச் செல்லாது. உங்கள் ஊரின் கட்டட விதியில் இதற்கென எண் இருக்கும், அதுவே இறுதி. குழாயின் அடியில் செங்கல் துண்டுகளை வைத்து மட்டம் பார்த்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடும் வழக்கம் சிலரிடம் உண்டு. மண் இறங்கும்போது குழாய் அந்தச் செங்கற்களின் மேல் மட்டும் தொங்கும், இடையில் தொய்யும். அடி முழுவதும் மணல் பரப்பி இடித்துவிட்டே குழாயைப் படுக்க வைக்க வேண்டும்.

நின்ற குழாயின் அடியில் உள்ள வளைவு முதலில் இற்றதற்கும் காரணம் உண்டு. விழும் நீர் குழாயின் சுவரை ஒட்டி வளையமாக இறங்குகிறது. 3 முதல் 4.5 மீட்டர் இறங்குவதற்குள் உராய்வு ஈடுகொடுத்து, வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 முதல் 4.5 மீட்டரில் நிலைத்துவிடும், அதற்கு மேல் எத்தனை மாடி இருந்தாலும் பெரிதாகக் கூடாது. ஆனால் அந்த வேகமே அடியில் திடீரென்று திரும்பும்போது வளைவின் மேல் முழுவதும் மோதுகிறது. ஒரே 90 பாகை வளைவுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை வளைவுகளை, இடையில் சிறு நேர்த்துண்டு விட்டுப் போடுங்கள். அதற்குச் சற்று மேலே, முழங்கால் உயரத்தில், மூடி திருகிய திறப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். சுவரைப் பூசும்போது அழகுக்காக அதையும் சேர்த்துப் பூசிவிடுவார்கள். அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: மாடிப்படி

வீட்டுக்குள் 7 மீட்டரையும், விரிசல் விழுந்த துண்டையும் மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டோம். முற்றத்துக்கு இழுவை முறை. கடைசியாக ஒன்று: தரையை மூடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

பதில் 8: சணலும் ஈயமும்

வெளிமுனையை ஊதும் பந்தால் அடைத்துவிட்டு, நின்ற குழாயில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் வரை தண்ணீர் நிரப்புங்கள். நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு 15 நிமிடம் காத்திருங்கள். கோட்டிலிருந்து இறங்கவே கூடாது. இறங்கினால் ஒவ்வொரு இணைப்பாகத் துணியால் துடைத்துப் பார்த்தால் கசிவு தெரியும். தேறிய பிறகு, அளவுநாடாவை விரித்து வைத்துக் குழாய் போகும் பாதையைச் சுவர்களிலிருந்து அளந்து புகைப்படம் எடுத்துவிட்டு மண் தள்ளச் சொல்லுங்கள். அந்தப் படங்களின் ஒரு பிரதியை ஆய்வுத் தொட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டாதீர்கள், ஒருவர் அப்படிச் செய்திருந்ததைப் பார்த்தேன். வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.